தம்பி, தங்கையை ராக் கச்சேரிக்கு அழைத்துச் செல்வது பற்றி

கேள்வி கேட்டவர் சென்னையில் வேலை பார்க்கும் 24 வயது அண்ணன். பள்ளிக்காலம் முதல் தமக்குப் பிடித்த ராக் இசைக்குழு அடுத்த முறை இந்தியாவுக்கு வரும்போது, 16 வயதுத் தம்பியையும் 11 வயதுத் தங்கையையும் அழைத்துச் சென்று நேரில் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வீட்டில் தயங்குகிறார்கள். அழைத்துச் செல்வது சரியா, சரியென்றால் எப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்கிறார்.

அழைத்துச் செல்லலாம் என்பதே என் பதில். ஆனால், தனியாகப் போயிருந்தால் அந்தக் கச்சேரியை எப்படிப் பார்த்திருப்பீர்களோ அப்படி இம்முறை பார்க்க முடியாது என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே நீங்கள் மனதார ஏற்றுக்கொள்ள வேண்டும். மேடைக்கு முன்னால் நின்று, கூட்டத்தோடு குதித்து, தொண்டை கட்டும்வரை பாடுவதுதான் உங்கள் கனவு என்றால், அதற்கு நண்பர்களோடு வேறொரு நாள் போய்வருவது நல்லது. உடன்பிறந்தவர்களை அழைத்துப்போகும் நாளில் இடம், நேரம், திரும்பும் வழி என எல்லாவற்றையும் உங்கள் மூவரில் சிறியவளை வைத்தே முடிவுசெய்ய வேண்டியிருக்கும். திறந்தவெளிக் கச்சேரிகளில் ஒலியமைப்பு வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் கண்ட தொல்லைகளில் பெரும்பாலானவை, அழைத்து வந்தவர் தம்மை முதலில் ரசிகராகவும் பிறகே பொறுப்பாளராகவும் எண்ணிக்கொண்டதால் வந்தவைதான்.

எந்தக் குழு என்பதைப் பொறுத்தும் பதில் மாறும். பெங்களூரு அரண்மனை மைதானத்தில் 2007 மார்ச்சில் ஐயன் மெய்டனும் 2011 அக்டோபரில் மெட்டாலிகாவும் வாசித்தபோது, மேடைக்கு அருகே திரண்டவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். வட்டம் கட்டி ஒருவர்மீது ஒருவர் மோதி ஆடுவது, ஹெவி மெட்டல் எனப்படும் அவ்வகை அதிரடி இசையின் வழக்கமே. 2025 ஜனவரியில் பிரிட்டன் ராக் குழுவான கோல்ட்ப்ளே வந்தபோது நிலைமை வேறு. நவி மும்பையின் டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் 18, 19, 21 தேதிகளிலும், அகமதாபாத்தின் நரேந்திர மோடி மைதானத்தில் 25, 26 தேதிகளிலும் நடந்த அந்தக் கச்சேரிகளுக்குப் பெற்றோரும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் திரண்டு வந்தன. வருகிறவர்கள் எல்லோர் கையிலும் ஒளிரும் பட்டை ஒன்றைக் கட்டிவிடுவார்கள். பாட்டுக்கு ஏற்ப அவை நிறம் மாறும்போது மைதானமே காட்சியாகிவிடும் என்பதால், மேடை தொலைவில் இருந்தாலும் சிறுவர்களுக்குச் சலிப்பதில்லை. முதல் அனுபவத்துக்கு இத்தகைய குழு பொருத்தமானது. உங்கள் குழு மெட்டாலிகா வகையைச் சேர்ந்தது என்றால், தம்பியை மட்டும் அழைத்துக்கொண்டு தங்கையைச் சில ஆண்டுகள் காத்திருக்கச் சொல்வதே என் தீர்ப்பு. அது அவளுக்கு அநியாயமாகத் தோன்றும், தோன்றட்டும்.

அடுத்தது இடம். மேடைக்கு முன்னுள்ள, இருக்கை இல்லாமல் நின்று பார்க்கும் பகுதியை இருவருக்கும் தவிர்த்துவிடுங்கள். 11 வயதுச் சிறுமியின் கண்மட்டத்தில் அங்கே தெரிவது முன்னால் நிற்பவர்களின் முதுகுகள் மட்டுமே. தோளில் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பல அரங்குகளில் அதற்குத் தடை உண்டு என்பதோடு, நெரிசல் வந்தால் இருவருமே நிலைகுலைந்து விழ நேரிடும். லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 14 வயதுக்கு உட்பட்டவர்களை நிற்கும் பகுதிக்குள் பொதுவாக விடுவதில்லை. இந்தியாவில் இந்த விதி நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறுவதால், டிக்கெட் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வயது வரம்பை முழுவதும் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நெரிசலைப் பற்றி நம்மவர்களிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கூட்டத்தில் இறப்பவர்கள் மிதிபட்டு இறப்பதாகவே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலோர் நின்ற நிலையிலேயே, மார்பு விரிய இடமில்லாமல் மூச்சுத் திணறி இறக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேர் நிற்கும் அளவுக்கு அடர்த்தி கூடிவிட்டால், தனிமனிதர் விரும்பிய திசையில் நகர முடியாது. கூட்டம் தண்ணீரைப் போல அலையலையாக அசையத் தொடங்கிவிடும். 1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் தி ஹூ குழுவின் கச்சேரிக்கு, முந்தி வருபவருக்கு முன்னிடம் என்ற முறையில் டிக்கெட் விற்றிருந்தார்கள். கதவு திறப்பதற்குக் காத்திருந்த கூட்டம் நெருக்கியதில் 11 பேர் இறந்தார்கள். 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ரோஸ்கில்டே இசை விழாவில் பேர்ல் ஜாம் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது மேடைக்கு முன்னால் 9 பேர் இறந்தார்கள். 2021 நவம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்த ஆஸ்ட்ரோவேர்ல்ட் ராப் இசை விழாவில் இறந்த 10 பேரில் ஒன்பது வயதுச் சிறுவனும் ஒருவன். நெரிசல் வந்தபோது அவன் தன் தந்தையின் தோளில் அமர்ந்திருந்தான். 2025 செப்டம்பரில் கரூரில் நடந்தது அரசியல் கூட்டம்தான் என்றாலும், 41 உயிர்களைப் பறித்த அந்த நெரிசலில் குழந்தைகளும் இறந்ததை உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களுடைய தயக்கத்தின் வேர் அங்கேயும் இருக்கலாம். வெறும் அச்சம் என்று அதை ஒதுக்காதீர்கள். எண் இடப்பட்ட இருக்கை என்ற ஒன்று இந்த ஆபத்தில் பெரும்பகுதியை நீக்கிவிடுகிறது. எஞ்சியிருப்பது நுழைவாயிலும் வெளியேறும் வழியும் மட்டுமே.

இருக்கையிலும் தேர்வு உண்டு. பாட்டு தொடங்கியதும் எல்லோரும் எழுந்து நின்றுவிடுவார்கள் என்பதால், மாடத்தின் முதல் வரிசையோ, நடைபாதையை ஒட்டிய கடைசி இருக்கைகளோ கிடைத்தால் சிறுமிக்கு மேடை தெரியும். கழிப்பறைக்குப் போய்வரவும் எளிது. மேடையின் இருபுறமும் தொங்கும் ஸ்பீக்கர் அடுக்குகளுக்கு நேர் எதிரே, மிக அருகில் உள்ள பகுதியைத் தவிருங்கள். மேடைக்கு நேரே தொலைவில் ஒலிக்கலவை மேசை இருக்கும் அல்லவா, அந்தத் திசையில் அமைந்த மாடமே என் விருப்பம். ஒலியைச் சரிசெய்பவர் கேட்பதற்கு நெருக்கமானது உங்களுக்கும் கேட்கும். மூன்று இருக்கைகளையும் ஒரே முறையில் வாங்குங்கள். தனித்தனியாக வாங்கிவிட்டு அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்பது நடவாத காரியம். 2024 செப்டம்பர் 22 அன்று கோல்ட்ப்ளேயின் மும்பை டிக்கெட்டுகள் புக்மைஷோவில் விற்பனைக்கு வந்தபோது தளமே முடங்கியது. சற்று நேரத்தில் மறுவிற்பனைத் தளங்களில் அதே டிக்கெட்டுகள் பல மடங்கு விலைக்கு வந்தன. கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வாயிலில் செல்லாமல் போகக்கூடிய டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர்விட்டு ஊர் வந்த இரண்டு பிள்ளைகளோடு நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். இதில் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ராக் கச்சேரியின் ஒலி, கேட்கும் இடத்தைப் பொறுத்து, 100 டெசிபலைச் சுற்றி இருப்பது சாதாரணம். தொழிற்சாலைப் பணியாளர்களுக்காக அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்குப்படி, 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. அப்படிக் குறைத்துக்கொண்டே போனால் 100 டெசிபலுக்கு அனுமதி 15 நிமிடம்தான். கச்சேரியோ, முன்னதாக வாசிக்கும் குழுக்களையும் சேர்த்தால், மூன்று நான்கு மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் கச்சேரி அரங்குகளுக்கு வெளியிட்ட தரநிலை, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. பிரான்சில் சட்டப்படியான உச்சம் 102 டெசிபல். ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கென நடத்தும் நிகழ்ச்சிகளில் 94. இந்த அளவுகளுக்குள் நடக்கும் கச்சேரியிலும், காதில் எதுவும் அணியாமல் முழு இரவும் நிற்பது பாதுகாப்பானதன்று.

உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் அழிந்தால் மனிதர்களுக்கு மீண்டும் முளைப்பதில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் நெடிய வாழ்நாள் இருக்கிறது என்பதால் அவர்கள் இழப்பதும் அதிகம். கோல்ட்ப்ளேயின் இந்தியக் கச்சேரிகளை ஒட்டி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகளை மேடையேற்றக் கூடாது, காதுப் பாதுகாப்பு இல்லாமல் அவர்களை அங்கே விடக் கூடாது என்று நோட்டீஸ் அனுப்பியதைச் சமூக ஊடகங்களில் பலர் கேலி செய்தார்கள். அதில் கேலிக்கு எதுவும் இல்லை என்பேன்.

தங்கைக்குக் காதை முழுவதும் மூடும் இயர் மஃப் வாங்குங்கள். சிறு பிள்ளைகளின் காதுத் துளை குறுகலாக இருப்பதால், கடையில் கிடைக்கும் ஃபோம் இயர் பிளக் பெரும்பாலும் சரியாக உள்ளே போகாது. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிளக் எதையும் தடுப்பதில்லை. தலையைச் சுற்றி அணியும் மஃப் கழன்றால் உங்கள் கண்ணுக்கு உடனே தெரியும் என்பது கூடுதல் வசதி. தம்பிக்கும் உங்களுக்கும் இசைக்கென்றே செய்யப்படும் வடிகட்டி வைத்த பிளக் நல்லது. ஃபோம், கீச்சொலிகளை அதிகமாக விழுங்கிப் பாட்டை மந்தமாக்கிவிடும், வடிகட்டி வைத்ததோ எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். ஃபோம்தான் கிடைத்தது என்றால், விரல்களால் மெல்லிய திரியாக உருட்டி, மற்றக் கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். உறையில் அச்சிட்டிருக்கும் டெசிபல் எண்ணை முழுவதும் நம்பாதீர்கள். அது ஆய்வகத்தில் அளந்தது, நாம் அணியும்போது குறைவாகவே கிடைக்கும். அப்படியும் 15 டெசிபல் குறைந்தால் 100 என்பது 85 ஆகிவிடுகிறது. 15 நிமிடம் எட்டு மணி நேரமாகிறது.

16 வயதுத் தம்பி இதை அணிய வெட்கப்படுவான். அவனிடம் மருத்துவம் பேசுவதைவிட இசைக்கலைஞர்களைப் பற்றிப் பேசுங்கள். கோல்ட்ப்ளேயின் பாடகர் கிறிஸ் மார்ட்டின், தமக்குக் காதிரைச்சல் நோய் இருப்பதாகவும், இளவயதில் சத்தமாக இசை கேட்டதே அதற்குக் காரணம் என்றும் வெளிப்படையாகச் சொன்னவர். தம் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது கச்சேரிக்கு அழைத்து வந்தால் காதுக்கவசம் அணிவித்தவர். ஏசி/டிசி குழுவின் பிரையன் ஜான்சன், செவித்திறனை முற்றிலும் இழக்க நேரிடும் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் 2016இல் உலகச் சுற்றுப்பயணத்தின் நடுவே விலக வேண்டியிருந்தது. மேடையில் நிற்கும் இன்றைய பாடகர்களின் காதில் இருக்கும் சிறு கருவியையும் காட்டுங்கள். அது குழுவின் வாசிப்பைக் காதுக்கு அளவோடு கொண்டுவருவதோடு, வெளிச் சத்தத்தைத் தடுக்கவும் செய்கிறது.

அண்ணன் ஒருவர் தங்கையை அழைத்துப்போகும்போது, பலரும் வாயிலுக்குப் போன பிறகே உணரும் சிக்கல் ஒன்று உண்டு. நம் நாட்டு மைதானங்களில் சோதனை வரிசை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. 11 வயதுப் பெண் அந்நிய ஊரில், மொழி தெரியாத கூட்டத்தில், தனியாகப் பெண்கள் வரிசையில் போய் மறுபக்கம் உங்களைத் தேட வேண்டியிருக்கும். கழிப்பறையிலும் இதே நிலைதான். எனவே நான்காவதாக ஒரு பெண் துணையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தை மகளோ, பெரியம்மா மகளோ, வீட்டாருக்கு அறிமுகமான தோழியோ யாராயினும் சரி. அவருக்கும் அந்தக் குழுவைப் பிடிக்க வேண்டும் என்பதில்லை, பிடித்தால் நல்லது. அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், வரிசையில் நிற்கும் முன்பே பெண் காவலர் ஒருவரிடம் நிலைமையைச் சொல்லி, தங்கையை முன்னால் அனுப்பிவிட்டு, சோதனை மேசைக்கு அப்பால் அவள் அசையாமல் நிற்க வேண்டிய இடத்தைக் கையால் காட்டிவிடுங்கள்.

பல்லாயிரம் பேர் ஒரே இடத்தில் கூடினால் கைபேசி இணைப்பு சிக்கிக்கொள்ளும். அழைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று நம்பிப் பிரிய வேண்டாம். உங்கள் எண்ணைப் பேனாவால் தங்கையின் முன்கையில் எழுதுங்கள். உள்ளே நுழைந்ததும், மேடையைப் பார்ப்பதற்கு முன், எளிதில் மறக்காத ஓர் இடத்தை மூவரும் சேர்ந்து பார்த்து வையுங்கள். தொலைந்தால் தேடி அலையக் கூடாது, சீருடை அணிந்தவரிடம் இருக்கை எண்ணைக் காட்ட வேண்டும் என்பதை அவள் வாயாலேயே சொல்ல வையுங்கள். தம்பிக்கும் இது பொருந்தும். ‘நான் கொஞ்சம் முன்னாடி போய்ப் பார்த்துட்டு வரேன்’ என்று அவன் நழுவும் தருணம் கட்டாயம் வரும், அதற்கான பதிலை முன்னரே பேசி முடித்திருக்க வேண்டும்.

பயணத்துக்கு விடுமுறை நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அகமதாபாத் கச்சேரிகள் சனி, ஞாயிறில் விழுந்தன, ஞாயிறு குடியரசு நாள். ஆனால் சென்னையிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸில் அங்கே போக ஒரு நாளைக்கும் மேலாகும். பள்ளிக்கு எப்படியும் சில நாள் விடுப்பு வேண்டும். பெங்களூரு என்றால் இந்தக் கவலையே இல்லை. திரும்பும் டிக்கெட்டை மறுநாளுக்கே எடுங்கள். அன்றிரவே வண்டி பிடிக்கும் திட்டம் பிள்ளைகளோடு உதவாது. இறுதி நேரத்தில் கச்சேரி நின்றுபோவதும் உண்டு. 2011 அக்டோபர் 28 அன்று குருகிராமில் மெட்டாலிகா வாசிப்பதாக இருந்த கச்சேரி, பார்வையாளர் பாதுகாப்புக் கவலையால் கூட்டம் வந்து காத்திருந்த நிலையில் நிறுத்தப்பட்டது. ஆத்திரமடைந்த சிலர் மேடையில் ஏறிக் கருவிகளை உடைத்தார்கள். அத்தகைய அறிவிப்பு வந்தால், காரணம் கேட்டு நிற்காமல், உடனே பிள்ளைகளோடு வெளியேறிவிட வேண்டும்.

முடியும் நேரத்தைப் பற்றி வீட்டாருக்கு நீங்கள் ஓரளவு உறுதி தரலாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு ஆண்டுக்குச் சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை தளர்த்தலாம். அதனால் பெரும்பாலான மைதானக் கச்சேரிகள் பத்து மணியை ஒட்டி முடிந்துவிடுகின்றன. முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். அரை மணி நேரம் இருக்கையிலேயே அமர்ந்து, கையில் கட்டிவிட்ட ஒளிப்பட்டை இருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்து, கூட்டம் வடிந்த பிறகு இறங்குங்கள். அகமதாபாத்தில் அந்த இரு இரவுகளிலும் மெட்ரோ நேரத்தை நீட்டித்திருந்தார்கள். காத்திருந்தவர்களுக்கும் வண்டி கிடைத்தது.

இசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களுக்கு அந்தப் பாடல்களோடு பத்தாண்டு உறவு இருக்கலாம், அவர்களுக்கு இல்லை. சுற்றுப்பயணத்தில் ஒரு குழு எந்தெந்தப் பாடல்களை வாசிக்கிறது என்பது முந்தைய ஊர்களிலிருந்தே தெரிந்துவிடும் என்பதால், அந்த வரிசையைக் கச்சேரிக்கு முந்தைய வாரங்களில் வீட்டில் ஒலிக்கவிடுங்கள். தெரிந்த பாட்டு வரும்போதுதான் பிள்ளைகள் துள்ளுவார்கள். தெரியாத பாட்டு இரண்டு அடுத்தடுத்து வந்தால் பசி நினைவுக்கு வரும். அதற்கும் முன்னோட்டமாக, சென்னையில் உள்ளூர்க் குழுக்கள் வாசிக்கும் சிறிய கச்சேரி ஒன்றுக்கு அழைத்துச் சென்று பாருங்கள். கர்நாடக இசையை ராக்குடன் இணைக்கும் பெங்களூருக் குழுவான அகம் சென்னைக்கு வரும்போது போகலாம். தெரிந்த கீர்த்தனை டிரம்ஸோடு வருவது தங்கைக்கு நல்ல நுழைவாயில். மஃப் தலையில் நிற்கிறதா, இரண்டு மணி நேரம் அவள் தாங்குகிறாளா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். கச்சேரியின்போது அவர்கள் ரசிக்கிறார்களா என்று நிமிடத்துக்கு ஒரு முறை முகத்தைப் பார்க்காதீர்கள். ரசித்தாக வேண்டிய கடனை அது அவர்கள் தலையில் சுமத்திவிடும். தங்கை பாதியில் தூங்கிப்போனாலும் போகட்டும்.

மறுநாள் காலையில் மூவரிடமும், காதில் இரைச்சலோ அடைப்போ இருக்கிறதா என்று கேளுங்கள். லேசாக இருந்து சில மணி நேரத்தில் மறைந்தால், அடுத்த முறை இன்னும் நன்றாக மூட வேண்டும் என்று பொருள். ஒரு நாள் கழிந்தும் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். தானே போய்விடும் என்று வாரக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம்.

பெற்றோரிடம் பேசப் போகும்போது வாக்குறுதிகளைவிடத் தாள்களைக் கொண்டு போங்கள்: இருக்கை எண், வயது விதி, ரயில் முன்பதிவு, தங்கும் விடுதி, உடன் வரும் பெண்ணின் பெயர். அதற்கு முன்னால், நீங்கள் இல்லாத நேரத்தில் அம்மாவையே தங்கையிடம் உண்மையாகவே அவளுக்கு வர விருப்பமா என்று கேட்கச் சொல்லுங்கள். அண்ணன் முகம் வாடக் கூடாது என்பதற்காகவே தலையாட்டும் வயது அது. வேண்டாம் என்று அவள் சொன்னால் தம்பியோடு போய்வாருங்கள். கோல்ட்ப்ளேயின் ஜனவரி 26 அகமதாபாத் கச்சேரி டிஸ்னி+ ஹாட்ஸ்டாரில் நேரலையாக வந்ததைப் போல, உங்கள் குழுவின் நிகழ்ச்சிக்கும் நேரலை இருந்தால், அவள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து தனக்குப் பிடித்த அளவு சத்தத்தில் பார்த்துக்கொள்வாள்.